நல்ல வார்த்தையாகப் போடு

மார்ச் 4

தம்பி,

காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன், எடுத்துவிடும் எண்ணமும் இல்லை. மெயிலை உன் ஆட்கள் படித்து, சுருக்கி, உன் மேஜையில் வைப்பார்கள். இது சுருக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. நீயே உறையைக் கிழித்து நீயே படி. ஆனால் சாப்பிட்ட கையோடு படிக்காதே.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். தனி ஆள். ஓட்டல்களுக்குத் திரைச்சீலையும் சீருடையும் தைத்துக் கொடுப்பவர். இந்த ஊரில் பாதிப் பேரைப் போல அவருக்கும் ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் தெரியாது. போன மாதம் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். அவர் வந்த சில நாட்களில் மாடிப்படியில் ஒரு நாற்றம் கிளம்பியது.

எப்படிப்பட்ட நாற்றம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டு பஸ் டிரைவர், "எலிதாங்க செத்திருக்கு, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பாக்கணும்" என்றார். பார்த்தார், எலி இல்லை. நான் கதவிடுக்கில் துணியைத் திணித்து, வாசனைத் தண்ணீர் அடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினேன். ஒரு வாரம் இப்படியே போனது. கீழ்வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளி நகரும் சத்தமும் பிரஷ் தேய்க்கும் சத்தமும் கேட்டபடி இருந்தது.

நேற்று அவர் கதவு திறந்திருந்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்மணி தரையில் மண்டி போட்டு, பிளீச்சிங் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு திரைச்சீலைகூட இல்லை.

"என்னம்மா பண்றீங்க? தையல் பிரிஞ்சிடப் போகுது!" என்றேன்.

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. வீட்டுக்கு வந்தது நாறக்கூடாதாம், மஞ்சளா இருக்கக்கூடாதாம். இருந்தா திரும்ப அங்க போகணுமாம். என்னால அங்க இன்னொரு தடவ படுக்க முடியாது. மஞ்சள் திரையெல்லாம் கழட்டிட்டேன். நாத்தம்தான் போகவே மாட்டேங்குது."

வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று ஒரு துண்டுப் பிரசுரம். முகப்பில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். உள்ளே ஸ்பானிஷில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன்: "உங்கள் வீடு திரும்புதல் மஞ்சளாகவோ, கெட்டியாகவோ, துர்நாற்றத்துடனோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும்."

ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதும்தான், புண்ணிலிருந்து வடிவதும்தான். வீட்டுக்கு அனுப்புவதற்கு ஸ்பானிஷில் 'ஆல்தா'. புண்ணில் வடிவதற்கு அந்த வார்த்தையை எந்தப் பைத்தியக்காரனும் போடமாட்டான். உன் மொழிபெயர்ப்புக் கம்பெனி போட்டிருக்கிறது.

அவரைச் சட்டையைத் தூக்கச் சொன்னேன். அதை எழுத எனக்கே கை கூசுகிறது. கட்டுத் துணி வயிற்றோடு ஒட்டிப்போய், ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் காய்ந்து, நடுவில் ஈரமாக மினுங்கியது. வீடெல்லாம் தேய்த்தவர் அதைத் தொடவில்லை, ஏனென்றால் காகிதம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டிரைவர் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காய்ச்சலில் உடம்பு கொதித்தது.

காத்திருந்த நேரத்தில் பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் உன் கம்பெனி பெயர். அதன் கீழே "சரிபார்த்தவர்" என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் பதிவு எண். என் எண். உன் கம்பெனியை விட்டு வந்த பிறகும் என் எண்ணைப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறாய். த்தூ.

அந்தப் பூட்டு வேண்டாம் என்று அப்போதே தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஆங்கில வார்த்தைக்கு ஒரே ஒரு ஸ்பானிஷ் வார்த்தை, ஒரு தடவை முடிவானால் பூட்டிவிடுவது, அப்புறம் யார் மொழிபெயர்த்தாலும் கம்ப்யூட்டர் அதையேதான் போடும், சாவி உன்னிடம். "வேகம்க்கா, வேகம்" என்றாய். வேகத்தின் லட்சணத்தை நேற்று முகர்ந்து பார்த்தேன்.

பிரசுரத்தைத் திரும்ப வாங்கு. ஆஸ்பத்திரிக்கு உன் கையால் எழுதி, தப்பு எங்களுடையது என்று சொல். என் எண்ணை எடு. இத்தனைதான்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படிக்காதே என்று எழுதியிருந்தாய், நான் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தட்டை அப்படியே தள்ளிவிட்டேன். சந்தோஷம்தானே உனக்கு?

அந்தம்மாவுக்கு நடந்ததற்கு உண்மையிலேயே வருத்தப்படுகிறேன். நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. ஆஸ்பத்திரி அனுப்புகிற காகிதங்களில் அந்த ஆங்கில வார்த்தை பத்து இடத்தில் வந்தால், ஒன்பது இடத்தில் வீட்டுக்கு அனுப்புவதுதான். பூட்டு ஒன்பது இடத்தில் சரியாகப் போட்டது. ஒரு இடத்தில் சறுக்கியது. அதற்காக என்னைக் கொலைகாரன் மாதிரி எழுதுகிறாய்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய் "தப்பு எங்களுடையது" என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அவர்கள் வக்கீலைக் கூப்பிடுவார்கள். ஆபீஸில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நீ போய்ப் பதில் சொல்வாயா? நீதான் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாயே. கிளம்புகிறவர்களுக்குக் கோபம் சுலபம், இருக்கிறவர்களுக்குத்தான் வேலை.

உன் எண் இருந்தது கவனக்குறைவு. பழைய அச்சு மாதிரியில் கிடந்திருக்கிறது. எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிரசுரத்தையும் சரி செய்யச் சொல்லிவிட்டேன். புண்ணில் வடிவதற்கு 'சுப்புராசியோன்' என்று ஒரு ஸ்பானிஷ் வார்த்தை இருக்கிறதாம். பெயரைக் கேட்டால் யாரோ தூரத்துச் சொந்தக்கார மாமா மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, பூட்டில் மாற்றச் சொல்லிவிட்டேன். சத்தமில்லாமல் அடுத்த அச்சில் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, யாருக்கும் தலைவலி இல்லை.

கடைசியாக ஒன்று. நீயே எழுதியிருக்கிறாய், ஒரு வாரம் நாற்றம் அடித்தது என்று. கதவிடுக்கில் துணி திணித்ததும் நீதான், வாசனைத் தண்ணீர் அடித்ததும் நீதான். ஒரு படி இறங்கி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் என் காகிதத்தை எதிர்பார்த்திருக்க வேண்டாமே. என் மேல் துப்புவதற்கு முன் அதையும் நினைத்துப் பார்.

இனிமேல் எழுதினால் அந்தப் பச்சை மஞ்சள் வர்ணனை வேண்டாம். உனக்குத் தெரியும் எனக்கு ஆகாது என்று.

தம்பி


மார்ச் 21

தம்பி,

வாழ்த்துகள். உன் புது அச்சு வந்து சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தையல்காரம்மாவைப் பார்க்கப் போனவள் ஒன்றை எடுத்து, நின்ற இடத்திலேயே படித்தேன். சிரிப்பதா வாந்தியெடுப்பதா என்று தெரியவில்லை.

நீ பூட்டில் ஒரு வார்த்தையை எடுத்து இன்னொரு வார்த்தையைப் போட்டாய். கம்ப்யூட்டர் உன் சொல்லைத் தட்டாமல், 'ஆல்தா' இருந்த இடமெல்லாம் 'சுப்புராசியோன்' போட்டுவிட்டது. நீ மக்குப் பயல், அது உன்னைவிடச் சமத்து. இப்போது பிரசுரத்தின் தலைப்பு, அந்தச் சிரிக்கும் குடும்பத்துக்கு மேலேயே கொட்டை எழுத்தில்: "உங்கள் சீழ் நாள்! வாழ்த்துகள்." உள்ளே: "சீழுக்கு முன் மருத்துவர் உங்களைப் பார்ப்பார்." "சீழ் சான்றிதழை இரண்டாம் மாடியில் பெற்றுக்கொள்ளவும்." "சீழுக்கு உறவினர் ஒருவர் கட்டாயம் உடன் வரவேண்டும்."

பக்கத்தில் ஒரு பெரியவர், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா காகிதத்தை இரண்டு விரலால் பிடித்து, மடித்து, குப்பைக் கூடையில் போட்டார். அதற்குள் ஒரே ஒரு வரி, அந்தப் புண்ணைப் பற்றிய வரி, இப்போது சரியாக இருந்தது, தம்பி. காப்பாற்றக்கூடிய ஒரே வரி. அதுவும் சேர்ந்து கூடைக்குப் போனது. இப்படிக் கண்றாவியாக ஒரு காகிதம் வந்தால் யார் உள்ளே போய் நல்ல வரியைத் தேடுவார்கள்?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அது முட்டாள்தனம். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம்.

உன்னிடம் வேலை பார்த்த புதுப் பெண் எனக்கு போன் செய்தாள். உன் வேலையைவிட்டு அவளை அனுப்பிவிட்டாயாமே. (அதற்கும் ஆங்கிலத்தில் அதே வார்த்தைதான் சொல்வார்கள். அதையும் பூட்டில் போட்டிருந்தால் "சீழாக்கப்பட்டாள்" என்று கடிதம் கொடுத்திருப்பாய்.) அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வரி அவளிடம்தான் வந்திருக்கிறது. பூட்டு தானாகப் போட்ட வார்த்தை தப்பு என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. நேரே உன் அறைக்கு வந்து, "சார், இது வீட்டுக்குப் போறது இல்ல, புண்ணுல வர்ற சீழ். இந்த இடத்துக்கு மட்டும் பூட்டைத் திறங்க" என்று கேட்டிருக்கிறாள். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்ன பதிலை அவள் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"சீ! குடும்பப் படம் போட்ட காகிதத்துல போய் சீழ், கீழ்னு... நல்ல வார்த்தையா போடும்மா. இருக்கறதே இருக்கட்டும்."

ஆகவே பூட்டு சறுக்கவில்லை. ஒன்பது, பத்து என்று கணக்கு எல்லாம் சொன்னாயே, சும்மா காதில் பூ சுற்றினாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அருவருப்பாக இருந்ததால் அப்படியே விட்டிருக்கிறாய். ஒரு பெண்மணி தன் வயிற்றை விட்டுவிட்டுத் தரையைத் தேய்த்தது உன் மூக்குச் சுளிப்பால்தான்.

நேற்று அவருக்குத் தையலைப் பிரித்து மறுபடி சுத்தம் செய்தார்கள். பிழைப்பார் என்கிறார்கள். இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

நான் கதவிடுக்கில் துணி திணித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், திணித்தேன். அதை நினைத்தால் எனக்கே என் மேல் குமட்டுகிறது. அதைச் சொல்ல உனக்குத்தான் யோக்கியதை இல்லை.

அக்கா


மார்ச் 28

அக்கா,

சரி. சொன்னேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவளை அதற்காக அனுப்பவில்லை, ஒப்பந்தம் முடிந்தது. நீ நம்பமாட்டாய், நம்பவேண்டாம்.

எனக்கு அந்த வார்த்தை ஆகாது. உனக்கு நன்றாகத் தெரியும். நம் வீட்டில் யார் அதைச் சொல்லியிருக்கிறார்கள்? அம்மாவுக்குப் புண்ணும் "அது"தான், வாந்தியும் "அது"தான், கழிவறையும் "அது"தான். "அதுக்கு அதைப் போட்டியா?" என்று அப்பாவைக் கேட்பாள், அவரும் "அது சரியாப் போச்சு" என்பார். எனக்கு முழங்காலில் அடிபட்டு வீங்கியபோது, நான் கத்தியது வலிக்காக இல்லை, கட்டைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்குமோ என்றுதான். நீதான் என் கண்ணைப் பொத்தினாய். பொத்திவிட்டு நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நினைவிருக்கிறதா? நாம் ரெண்டு பேருமே அப்படித்தான். நீ ஸ்பானிஷ் படித்துப் பெரிய மனுஷி ஆகிவிட்டதால் வேறு ஜாதி ஆகிவிட்டதாக நினைக்கிறாய்.

அன்றைக்கு அந்தப் பெண் என் மேஜைக்கு முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உடம்பு கூசியது. அது உள்ளே போனால் அந்தக் காகிதத்தையே நான் தொடமாட்டேன் என்று தோன்றியது. நான் தொடமாட்டேன் என்றால் யார் தொடுவார்கள்? அப்படித்தான் நினைத்தேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

"சீழ் நாள்" அச்சைப் பற்றி எனக்கும் வந்துவிட்டது. ஆபீஸில் அன்று எல்லோரும் என் அறைப் பக்கம் வராமல் நடந்தார்கள். கணக்குப் பார்க்கிறவர் மட்டும் வந்து, "சார், சீழ் சான்றிதழ் எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார். சிரிக்க முடியவில்லை.

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். 'ஆல்தா' எல்லாவற்றையும் பழையபடி போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுகிறோம். வரியே இல்லையென்றால் தப்பும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் மனுஷன் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போவான், அதற்குக் காகிதம் வேண்டாம். அச்சகத்துக்குச் சொல்லப் போகிறேன். உனக்கு முன்கூட்டியே எழுதுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று சொல்லாதே.

அந்தம்மா எப்படி இருக்கிறார்?

தம்பி


ஏப்ரல் 4

தம்பி,

அந்தம்மா எப்படி இருக்கிறார் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். முதல் வரியில் கேட்டிருக்கலாம். இருந்தாலும் கேட்டாய்.

பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றுக் காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள், உள்ளிருந்து ஆறி வரவேண்டுமாம். தினமும் கட்டு மாற்ற வேண்டும். நர்ஸ் வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் நான் மாற்றுகிறேன்.

ஆமாம், நான்தான். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டவள்தான். நினைவிருக்கிறது. முதல் நாள் கையுறை போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தபோது எனக்குக் கண் இருட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். உன்னை நோகடிக்க எழுதவில்லை, படி: சிவப்பாக இருந்தால் நல்லது, வெளிறினால் கெட்டது, நீர் போல வந்தால் பரவாயில்லை, கெட்டியாக வந்தால் போனைப் போடவேண்டும். இப்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறேன். அருவருப்பு போகவே இல்லை. தினமும் வருகிறது. வந்தாலும் கை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

"உடம்பு சரியில்லை என்றால் மனுஷன் தானாகப் போவான்" என்று எழுதியிருக்கிறாயே, போகமாட்டான்டா. வெட்கப்படுவான். தையல்காரம்மாவிடம் கேட்டேன். "நாறுது உடம்புதான்னு தெரியாதா உங்களுக்கு?" என்று. சொன்னார்: "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துச்சும்மா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்றது? காகிதத்துல இருந்தா சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் வர்றதுதான்னு தெரிஞ்சிருக்குமே."

அந்த வரியின் வேலையே அதுதான். வைத்தியம் சொல்ல இல்லை. கூச்சத்தை எடுக்க. அதை எடுத்துவிட்டுக் குடும்பப் படத்தை மட்டும் அச்சடிக்கப் பார்க்கிறாய். பூசி மெழுகுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என்ன வார்த்தை என்று நீ ஒருமுறையும் என்னைக் கேட்கவில்லை. சொல்கிறேன். 'தெஸ்கார்கா' என்று ஒன்று இருக்கிறது. அது லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்கும் ஷாக் அடிப்பதற்கும். வேண்டாம். 'செக்ரெசியோன்' பாடப்புத்தகத்துக்கு. உன் மாமா சுப்புராசியோன், டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு. தப்பில்லை, ஆனால் தையல்காரம்மா அதை வாழ்க்கையில் சொன்னதில்லை. தனியாக வீட்டில் நின்று, சட்டையைத் தூக்கிப் பார்த்து, பயந்து நிற்கிற ஆளுக்கு ஒரே வார்த்தைதான். 'பூஸ்'. சீழ். குழந்தைக்கும் தெரியும், கிழவருக்கும் தெரியும். கேட்டதும் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். சுளித்த முகத்தோடு கீழே குனிந்து பார்ப்பார்கள்.

நீ ஆஸ்பத்திரிக்கு எழுதமாட்டாய் என்று தெரிந்ததால் நானே தலைமை நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் எண் அதில் இருந்தது, என் வாயும் அதில் இருக்கவேண்டும் இல்லையா? பெரிய ஆகிருதி, பேச்சு குறைவு. கேட்டு முடித்துவிட்டு, "எத்தன பேரு கையில இருக்கு இது?" என்றார். மேஜையிலிருந்ததை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டார். வீட்டுக்குப் போன எல்லோருக்கும் போன் போடுகிறார்கள். எடுக்காதவர்கள் வீட்டுக்கு யாராவது நேரில் போகவேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான் போகிறேன். அந்தப் பக்கத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.

புதுக் காகிதம் நான் எழுதிவிட்டேன். ஒரே பக்கம். படம் இல்லை.

உன் வக்கீல் கவலையை நீ பார்த்துக்கொள். என் வீட்டுப் பக்கம் மட்டும் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த மாடிப்படி ஞாபகம் வருகிறது.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

உறையில் உன் ஊர் தபால் முத்திரையைப் பார்த்திருப்பாய். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருக்கிறேன். இரும்புக் கட்டில், மூலையில் கை கழுவும் தொட்டி, அதன் குழாய் சொட்டுகிறது. உன் வீட்டுக்கு வரவில்லை. வராதே என்றாய்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று தலைமை நர்ஸ் உன்னிடம் சொல்லியிருப்பார். யார் என்று சொல்லவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அந்த ஆள் நான்.

உன் கடிதம் வந்த அன்று அச்சகத்துக்குப் போன் போட எடுத்தேன், வைத்துவிட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். தப்பு எங்களுடையது, தெரிந்தே அப்படி விட்டவன் நான், என்று. வக்கீல் கடிதமும் வந்துவிட்டது. ஆபீஸ் நிற்குமா என்று தெரியவில்லை. பூட்டை எடுத்துவிட்டோம். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டேன். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றாள். யோசிக்கட்டும்.

நர்ஸ் என்னைப் பார்த்ததும் உன் ஒரு பக்கக் காகிதங்களைக் கட்டாகக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி டிரைவர் கதவைத் தட்டுவார், ஸ்பானிஷில் பேசுவார், நான் காகிதத்தைக் கொடுப்பேன், பழையதை வாங்கிக்கொள்வேன். ஒரு வீட்டில் "சீழ் நாள்! வாழ்த்துகள்" குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. வீடே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாம். டிரைவர் என்னைக் காட்டி, "எழுதினவரு இவருதான்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த அவமானத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று கடைசி வீடு, ஒரு டயர் கடைக்கு மேலே. வண்டி நிறுத்த இடம் இல்லை என்று டிரைவர் சுற்றிக்கொண்டு போய்விட்டார். "நீங்க ஏறுங்க, நான் வந்துடறேன்" என்றார். ஏறினேன். பாதிப் படியிலேயே தெரிந்துவிட்டது, அக்கா. நீ எழுதியது அப்படியே. நாக்கின் அடியில்.

திரும்பி இறங்கினேன். பொய் சொல்லவில்லை, இறங்கிவிட்டேன். தெருவில் நின்று மூச்சு வாங்கினேன். டிரைவரைக் காணோம். மறுபடி ஏறினேன்.

ஒரு சின்ன வயதுப் பெண், மருமகள் போல, கதவைத் திறந்தாள். கையில் குழந்தை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவர் நாற்காலியில், இந்த வெயிலில், கம்பளிக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேல் வாசனைத் தண்ணீர் அத்தனையும் கொட்டியிருந்தார்கள். அந்த வாசனையும் அதுவும் சேர்ந்து... எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடி இல்லை என்று கையைக் காட்டினார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மருமகள் வாங்கினாள், படிக்கவில்லை, குழந்தை அழுதது. அவள் ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் நல்லா இருக்கு, போயிட்டு வாங்க என்கிற சிரிப்பு. கோட்டுக் காலரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் போய்விடவேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும்தான்.

அவர் வயிற்றைக் கை காட்டி, நீ எழுதிய வார்த்தையைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "பூஸ்?"

அவர் சிரிப்பு நின்றது. மருமகள் குழந்தையை இறக்கிவிட்டாள். அவர் என்னையே பார்த்தார். நான் தலையாட்டினேன், எல்லாருக்கும் வர்றதுதான் என்கிற மாதிரி. அவர் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். கடைசிப் பொத்தானை நான் கழற்றினேன். கண்ணை மூடவில்லை. பார்த்தேன்.

டிரைவர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார். நான் படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். டயர்க்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திட்டினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நேரத்துக்கு வந்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னார்.

இத்தனை வருடம் ஸ்பானிஷை விற்றுச் சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு ஸ்பானிஷ் வார்த்தையை வாயால் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் எனக்குக் குமட்டல் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் நிற்கவில்லை.

நல்ல வார்த்தைதான், அக்கா.

தம்பி